பாலெர்மோ அணியின் ஆட்டத்தை நேரில் பார்க்க: சிசிலிக்குப் போகும் ரசிகருக்கு ஒரு விரிவான பதில்

மார்ச் மாதம் பன்னிரண்டு வயது மகனோடு ரோம் போகிறீர்கள். அப்படியே இத்தாலியின் தென்கோடித் தீவான சிசிலிக்கும் போய் பாலெர்மோ நகரக் கால்பந்து அணியின் ஆட்டம் ஒன்றை அதன் சொந்த மைதானத்தில் பார்த்துவிட வேண்டும் என்கிறீர்கள். எத்தனை நாள் ஒதுக்குவது, டிக்கெட் எப்படி வாங்குவது, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாதது தடையாகுமா, சைவர்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நாள் கணக்கு. குறைந்தது மூன்று இரவு வையுங்கள். ஆட்டத்துக்கு முந்தின நாளே தீவுக்கு வந்துவிட வேண்டும், ஆட்டம் முடிந்த மறுநாள்தான் கிளம்ப வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, அட்டவணை. எந்தச் சுற்றில் யாரோடு யார் என்பது கோடையிலேயே வெளியாகிவிடும். ஆனால் அதில் இருப்பது வார இறுதியின் தேதி மட்டும். ஆட்டம் வெள்ளி இரவா, சனி மதியமா, ஞாயிறா, திங்களா என்பதைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பொறுத்து லீக் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கும். அட்டவணையில் ஞாயிறு என்று பார்த்து, பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு எடுத்துவிட்டு, ஆட்டம் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்ததும் கையைப் பிசைந்து நிற்பவர்கள் ஏராளம். மார்ச்சில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மாதத்தின் பிற்பகுதியில் நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காக இடைவெளி வரும், அந்த வார இறுதியில் வழக்கமாக லீக் ஆட்டம் இருக்காது. கடைசி ஞாயிறு அதிகாலையில் ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகரும்.

இரண்டாவது, காற்று. பாலெர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில், புந்தா ராய்சியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாட்களில் மலையில் மோதிச் சுழலும் காற்றால் விமானங்கள் இறங்க முடியாமல் தீவின் மற்ற விமான நிலையங்களான திராப்பனிக்கோ கத்தானியாவுக்கோ திருப்பிவிடப்படுவது உண்டு. கத்தானியாவிலிருந்து பாலெர்மோவுக்குச் சாலை வழியே ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆட்டத்தன்று காலை விமானத்தை நம்பினால் முதல் பாதி போச்சு.

விசா பற்றி ஒரு வார்த்தை. இத்தாலி ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பில், இருக்கிறது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள், ஆனால் அதுவரை காத்திருந்தால் நேர்காணல் தேதியே கிடைக்காது. ஆட்ட டிக்கெட் விற்பனைக்கு வருவதோ ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான். எனவே அதை விசா ஆவணங்களில் சேர்க்க முடியாது, சேர்க்கத் தேவையும் இல்லை. ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவு, பயணத் திட்டம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கொண்டு விண்ணப்பம் நிற்கட்டும். சிசிலி இரவுகளையும் திட்டத்தில் காட்டுங்கள்.

ரோமிலிருந்து தீவுக்குப் போக மூன்று வழிகள். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அடுத்தது நேப்பிள்ஸ் போய் இரவுக் கப்பல்: மாலையில் கிளம்பி விடிந்ததும் பாலெர்மோ துறைமுகம், அங்கிருந்து நகர மையம் நடக்கும் தூரம். பன்னிரண்டு வயதுப் பையன் கூட வருகிறான் என்பதால் நான் சொல்வது மூன்றாவது வழியை. அது இரவு ரயில்.

ரோமின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து இன்டர்சிட்டி நொத்தே என்ற வண்டி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாலெர்மோ சேர்க்கிறது. இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்ற ஊர். அங்கே ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் பதித்த தண்டவாளங்களில் பெட்டிகளை வரிசையாகத் தள்ளி நிறுத்துகிறார்கள். பெட்டியை விட்டிறங்கி, இரும்புப் படிகளில் ஏறி மேல்தளத்துக்கு வந்தால் மெசினா நீரிணையும் எதிர்க்கரையும் கண்ணெதிரே. கடலைத் தாண்ட அரை மணிகூட ஆகாது. பிரித்து ஏற்றி, இறக்கிச் சேர்ப்பதையும் கணக்கில் எடுத்தால் இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். மெசினாவில் வண்டி இரண்டாகி, ஒரு பாதி சிராகூசாவுக்கும் மறுபாதி பாலெர்மோவுக்கும் போகும். கப்பலிலிருந்து இறங்கும்போது டிக்கெட்டில் உள்ள அதே எண் பெட்டிக்குத் திரும்புங்கள். பக்கத்துப் பெட்டியில் காலி இருக்கை பார்த்துப் படுத்துத் தூங்கியவர் தீவின் மறுகோடியில் கண்விழிப்பார். போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும்.

விமானத்தில் வந்தால், நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே நகரத்துக்கு ரயில் உண்டு, மத்திய நிலையம் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் விழும், புதியவர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. பேருந்தில் போனால் நகர மையத்தில் உள்ள பொலிதேயாமா நாடக அரங்கத்தின் அருகே இறங்கலாம். அந்த வழியில் கப்பாச்சி என்ற ஊரைத் தாண்டும்போது நெடுஞ்சாலையின் இருபுறமும் உயரமான சிவப்புத் தூண்கள் நிற்கும். 1992 மே 23 அன்று மாஃபியாவை எதிர்த்து நின்ற நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயை அந்தச் சாலையோடு சேர்த்து வெடிவைத்துக் கொன்ற இடம் அது. விமான நிலையத்தின் பெயரில் இருக்கும் இருவரில் ஒருவர் அவர். மற்றவரான பாவ்லோ பொர்செல்லீனோ அதே ஆண்டு ஜூலையில் கொல்லப்பட்டார். மகனிடம் சொல்லிக் காட்டுங்கள், பாலெர்மோவைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

தங்குவதற்குப் பொலிதேயாமா சுற்றுவட்டாரமே சரி. பழைய நகரத்துக்கு நடந்து போகலாம், மைதானம் எதிர்த் திசையில் நேர்கோட்டில் இருக்கிறது. வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரம் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையும் பகுதி, கேமரா எண்பலகையைப் படித்து அபராதத்தை வாடகை நிறுவனத்துக்கு அனுப்பும். அது ஊர் திரும்பி மாதங்கள் கழித்து உங்கள் கார்டில் ஏறும்.

இனி டிக்கெட். இத்தாலியில் கால்பந்து டிக்கெட் ஆளின் பெயருக்கு வரும். வாங்கும்போது ஒவ்வொருவருக்கும் பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் கேட்பார்கள். மகனுக்கும் தனியாக இவை வேண்டும். நுழைவாயிலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தக் கெடுபிடிக்குப் பின்னே ஒரு துயரம் இருக்கிறது. 2007 பிப்ரவரி 2 அன்று கத்தானியாவில் பாலெர்மோவுடன் நடந்த ஆட்டத்தின்போது மைதானத்துக்கு வெளியே மூண்ட கலவரத்தில் ஃபிலிப்போ ராச்சித்தி என்ற காவல் அதிகாரி உயிரிழந்தார். நாடு முழுக்க ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. பெயர் பதிவும் நுழைவுக் கதவுக் கட்டுப்பாடும் அதற்குமுன்பே சட்டத்தில் இருந்தவை, அதன்பிறகுதான் கறாராக நடைமுறைக்கு வந்தன.

பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். தமிழர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். விதி ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்துகள், அதே கட்டத்தில். முதலெழுத்தை நீங்களாக விரித்து எழுதாதீர்கள், விரித்திருப்பதைச் சுருக்கவும் வேண்டாம். குடும்பப்பெயர் காலி என்றால் தளம் காலியாக விட அனுமதிக்காது. அப்போது இருக்கும் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுங்கள். கதவில் நிற்பவர் பார்ப்பது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் டிக்கெட்டில் இருக்கிறதா என்பதைத்தான், இரண்டு முறை இருப்பதால் குழப்பம் வராது. இத்தாலிய வரி எண்ணைக் கேட்கும் கட்டம் வந்தால், வெளிநாட்டில் பிறந்தவர் என்ற தேர்வைத் தேடுங்கள். பிறந்த இடத்துக்கு ஊர்ப் பட்டியலில் இத்தாலிய ஊர்கள் மட்டும் வந்தால் நாட்டின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

கிளப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள டிக்கெட் இணைப்பு வழியாக மட்டுமே வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் வாங்கினால் வேறொருவர் பெயரில் இருக்கும் டிக்கெட்டுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்து, கதவில் திருப்பி அனுப்பப்படுவீர்கள். எதிரணி ரசிகர் பகுதியைத் தெரியாமல் தேர்ந்தெடுக்காதீர்கள், அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. பதற்றமான ஆட்டங்களுக்கு மாவட்ட நிர்வாகம் விற்பனையையே சுருக்கிவிடும். சிசிலி அணிகள் மோதும் ஆட்டங்களை முதல் பயணத்துக்குத் தவிர்ப்பது நல்லது.

எங்கே உட்காருவது? பாலெர்மோவின் சொந்த மைதானமான ரென்சோ பார்பெராவில் சுமார் 36,000 பேர் அமரலாம். ஓட்டப்பாதை இல்லாததால் எங்கிருந்தும் புல்வெளி நெருக்கமாகத் தெரியும். கோல்போஸ்டுகளுக்குப் பின்னால் வடக்கு, தெற்கு வளைவுகள் எனப்படும் பார்வையாளர் பகுதிகள். நீளவாட்டில் ஒருபுறம் மோந்தே பெல்லெக்ரினோ திரிபூனா, எதிர்ப்புறம் கிராதினாத்தா. கூரை திரிபூனாவுக்கு மட்டும்தான். வடக்கு வளைவு, அதாவது கூர்வா நோர்த், தீவிர ரசிகர் குழுக்களின் இடம். அங்கே டிக்கெட்டில் உள்ள இருக்கை எண்ணுக்கு மதிப்பில்லை, தொண்ணூறு நிமிடமும் நிற்க வேண்டும், ஒலிபெருக்கியோடு முன்னே நிற்பவர் சொல்லும்போது பாட வேண்டும். போனைத் தூக்கி அவர்கள் முகங்களைப் படம் பிடித்தால் கட்டாயம் தடுப்பார்கள். மகனோடு போகும் உங்களுக்குக் கிராதினாத்தாதான். விலை வளைவுகளைவிடச் சற்று அதிகம், திரிபூனாவைவிடக் குறைவு. கூர்வா நோர்த்தின் பாட்டும் கொடிகளும் பக்கவாட்டில் முழுசாகத் தெரியும். வடக்கு வளைவை ஒட்டிய ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மழை வாய்ப்பு இருந்தால் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கூர்முனைக் குடையைக் கதவில் வாங்கி வைத்துவிடுவார்கள். கண்ணாடிப் பாட்டில், பெரிய முதுகுப்பை, செல்ஃபி குச்சி, கம்பு கட்டிய கொடி, பெரிய லென்ஸ் கேமரா எதுவும் கூடாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் போடச் சொல்வார்கள். பைகளை வைத்துச் செல்ல வசதி இருக்கும் என்று நம்பி வராதீர்கள், பையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

சட்டை விஷயம். பாலெர்மோவின் நிறம் 1907 முதல் இளஞ்சிவப்பும் கறுப்பும். பரம எதிரி அணியான கத்தானியாவின் நிறம் சிவப்பும் நீலமும். அதே நிறங்கள் கொண்ட பார்சலோனா சட்டை போட்ட பையனுக்கு யாரும் தீங்கு செய்யப் போவதில்லை, ஆனால் அந்த இரண்டு நிறமும் சேர்ந்திருப்பதை இங்கே ஒருவரும் ரசிக்க மாட்டார்கள். இளஞ்சிவப்பு கழுத்துத் துணி ஒன்று வாங்கிக் கொடுங்கள், அது போதும்.

ஆட்டத்துக்கு முன் இந்த அணியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் மைதானத்தில் கேட்கும் பெயர்களுக்கு அர்த்தம் பிடிபடும். கிளப் தொடங்கியது 1900-ல். மைதானம் திறந்தது 1932-ல், 1970-களில் தலைவராக இருந்த ரென்சோ பார்பெராவின் பெயர் 2002-ல் சூட்டப்பட்டது. பழைய பெயரான லா ஃபவோரிட்டாவைச் சொன்னாலும் டாக்சிக்காரருக்குப் புரியும். 1990 உலகக் கோப்பையில் நெதர்லாந்து, அயர்லாந்து, எகிப்து மூன்றும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள் இங்கேதான் நடந்தன. அதற்கான புதுப்பிப்பு வேலையின்போது 1989-ல் திரிபூனாவின் கூரைச் சட்டம் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கூரையின் கீழ் உட்காருபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2006-ல் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் நான்கு பாலெர்மோ வீரர்கள் இருந்தார்கள்: பார்சாலி, பரோனே, க்ரோஸோ, ஸக்கார்தோ. இறுதி ஆட்டத்தின் கடைசிப் பெனால்டியை அடித்தவர் அந்த க்ரோஸோதான். பிறகு கவானி, பாஸ்தோரே, திபாலா என்று உலகம் அறிந்த பெயர்கள் இந்தச் சட்டையில் வளர்ந்தன. இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஏ-வில் மூன்று முறை ஐந்தாம் இடம். இத்தாலியக் கோப்பையின் இறுதிக்கு 1974, 1979, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்து மூன்றிலும் தோல்வி. 2019-ல் கடனில் விழுந்து நான்காம் பிரிவில் புதிதாகத் தொடங்கியது, 2022-ல் இரண்டாம் பிரிவான சீரி பி-க்கு ஏறியது. அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் குழுமம் கிளப்பை வாங்கியது. நான்காம் பிரிவில் கிடந்தபோதும் கூட்டம் விட்டுப்போகவில்லை. இந்த ஊரை நேரில் வந்து பார்க்க அது ஒன்றே போதுமான காரணம்.

ஆட்டத்தன்று: மைதானம் பொலிதேயாமாவிலிருந்து வடக்கே சுமார் நான்கு கிலோமீட்டர். வியா லிபெர்த்தா என்ற மரநிழல் சாலை நேராகப் போய், சிலை நிற்கும் வித்தோரியோ வெனெதோ சதுக்கத்தில் முடியும். அங்கிருந்து வியாலே குரோச்சே ரோஸா, பிறகு மைதானம். நகரப் பேருந்தில் போக 101-ம் எண். டிக்கெட்டை முன்கூட்டியே தபாக்கி என்ற புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதியுங்கள். போகும்போது பேருந்து சரி. முடிந்த பிறகு அதற்காக நிற்காதீர்கள், மொத்தக் கூட்டமும் அதே சாலையில் இறங்குவதால் பேருந்து நகராது. கூட்டத்தோடு சேர்ந்து நடந்தால் ஐம்பது நிமிடம், இரவிலும் வெளிச்சமும் ஆளும் உள்ள சாலை அது. போக்குவரத்து வேலைநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி வரும், ஆனால் தேதி முன்பே அறிவிக்கப்படும். கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைநாள் வேலைநிறுத்தத்திலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை அத்தியாவசிய உள்ளூர் ரயில்கள் ஓடும்.

ஒன்றேகால் மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். சோதனை இரண்டு கட்டம். சற்றுத் தள்ளி முதல் தடுப்பில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள், பிறகு சுழல்கதவில் டிக்கெட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரே போனில் இரண்டு டிக்கெட் இருந்தால் மகனை முன்னே அனுப்பி, அவன் டிக்கெட்டை முதலில் காட்டுங்கள். உங்களுடையது முதலில் ஸ்கேன் ஆகிவிட்டால் நீங்கள் உள்ளே, அவன் வெளியே. இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சாப்பாட்டில் கவலையே வேண்டாம், பாலெர்மோவின் தெருத் தீனி சைவருக்குக் கருணை காட்டும். பனெல்லே என்பது கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, கெட்டியானதும் மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பது. எள் தூவிய ரொட்டியைப் பிளந்து நாலைந்து துண்டை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். பஜ்ஜி மணம் அறிந்த மூக்குக்கு உடனே பிடித்துப்போகும். கூடவே உருளைக்கிழங்கு க்ரொக்கேயும் அதே ரொட்டிக்குள் கேட்கலாம். கவனிக்க வேண்டியவை: வெண்ணெய் அரஞ்சீனா என்ற அரிசி உருண்டை பெயரில் சைவம் போலத் தோன்றினாலும் உள்ளே பன்றித் தொடைக்கறி இருக்கும். ஸ்ஃபின்சோனே என்ற தடித்த பீட்சாவின் தக்காளிக் கலவையில் நெத்திலி போன்ற உப்புமீன் கரைந்திருக்கும். மேவுசா ரொட்டி மாட்டு மண்ணீரல், ஸ்திக்கியோலா ஆட்டுக்குடல். மைதானத்தில் கொறிக்கக் கலியா ஏ சிமென்சா, அதாவது வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும், பொட்டலமாகக் கிடைக்கும். பல்லாரோ சந்தைக்குக் காலையில் போங்கள், ஞாயிறு மதியத்துக்குமேல் அடங்கிவிடும்.

மிச்சமிருக்கும் ஒரு பகலை எங்கே செலவிடுவது? மொந்தெல்லோ கடற்கரை அழகுதான், மார்ச்சில் தண்ணீர் குளிரும். என்னைக் கேட்டால் மைதானத்துக்கு மேலே நிற்கும் மோந்தே பெல்லெக்ரினோவைச் சொல்வேன். சுமார் 600 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், பாலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. 1624-ல் நகரத்தைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவருடைய எலும்புகள் இந்தக் குகையில் கிடைத்தன, ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் ஒழிந்தது என்பது ஊரின் நம்பிக்கை. குகையின் கூரையிலிருந்து எப்போதும் நீர் சொட்டும். அந்த நீரை ஏந்தி ஓரமாக வடிக்க, தலைக்கு மேல் கோணல்மாணலாகத் தகரத் தாழ்வாரங்கள் பொருத்தியிருப்பார்கள்.

அங்கே தமிழ் காதில் விழுந்தால் வியக்காதீர்கள். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பாலெர்மோவில் வாழ்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் இந்த மலைக்கு நடந்து ஏறி ரோசாலியாவிடம் நேர்ந்துகொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம். செப்டம்பர் 4 திருநாளுக்கு முந்தின இரவு மொத்த ஊரும் ஏறும்போது அவர்களும் ஏறுவார்கள்.

மலையடிவாரத்தில் பழைய பொருட்காட்சித் திடல் பக்கமிருந்து கல் பாவிய பழைய பாதை தொடங்குகிறது. நிதானமாக ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். பாதையில் கடை எதுவும் இருக்காது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் கற்கள் வழுக்கும், அன்று பேருந்தில் ஏறிவிடுங்கள். ஆட்டம் மாலையில் என்றால் காலை எட்டு மணிக்கே ஏறத் தொடங்கி, மதியத்துக்குள் இறங்கி, விடுதியில் ஒரு மணி நேரம் காலை நீட்டிவிட்டு மைதானத்துக்குக் கிளம்பலாம். பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.